மடியில் உட்கார்ந்து உறுமும் அப்பு

கேரள எல்லையோரப் புளியரையிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். மற்றவர்களுக்கும் விளங்க, உங்கள் வீட்டு நிலைமையைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஆவணிக் கடைசியில், எஸ் வளைவு தாண்டிக் கோட்டைவாசலுக்குப் போகும் மலைப்பாதையில் யாரோ விட்டுப்போன சின்ன வெள்ளை நாய். பொமரேனியன் கலப்பு, ஆண். அப்பு என்று பெயர் வைத்தீர்கள். முதல் இரண்டு வாரம் கட்டிலுக்கடியில் சத்தமில்லாமல் கிடந்தான். இப்போது விடிந்ததிலிருந்து குரைக்கிறான். உங்கள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தால் உறுமுகிறான். தூக்கப் போன அத்தையை வெடுக்கென்று கவ்வ வந்தான். கட்டிலுக்கடியிலிருந்து அவனை இழுக்கப் போன பையனின் விரலில் போன வாரம் பல் பட்டுவிட்டது. கார்த்திகை முதல் தேதி வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டதிலிருந்து எல்லாமே கூடிவிட்டது. வீடியோ பார்த்து அவர் அப்புவை மல்லாக்கப் போட்டு அழுத்தியும் பார்த்தார். "எடுத்த இடத்திலேயே கொண்டு விடு" என்கிறார் அத்தை. இவனை மாற்ற முடியுமா என்பது உங்கள் கேள்வி.

முடியும் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் எழுதியதில் அவன் கெட்ட நாய் என்பதற்கு அடையாளமே இல்லை. ஆனால் பழக்குவதற்கு முன் பையனின் விரல்.

ரத்தம் வரவில்லை, சிவந்ததோடு சரி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி விட்டுவிடக் கூடாது. ரத்தம் வராமல் லேசாகச் சிராய்த்திருந்தாலும், வெறும் தோலில் பல் அழுந்தியிருந்தாலும், வெறிநாய்க்கடிக்கான (ரேபிஸ்) தடுப்பூசி போட வேண்டிய வகையில்தான் அது சேரும். இன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அங்கே தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள்கள் என்று 4 தவணை போடுவார்கள். கடித்த நாயை 10 நாள் கவனிக்கச் சொல்வதும் வழக்கம்தான். ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. எப்போது நிறுத்தலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். இனி யாருக்குப் பல் பட்டாலும் உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அதனால்தான் இதில் நான் இவ்வளவு கண்டிப்பு. அப்புவுக்கும் முன்பு ஊசி போட்டார்களா என்று தெரியாததால், போடவில்லை என்றே வைத்துக்கொண்டு இந்த வாரமே போடுங்கள். பிறகு ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும்.

ஊசி போடப் போகும்போதே உடம்பு முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். வலி இருக்கும் நாய் தொட்டால் கடிக்கும்; அதற்கு எந்தப் பழக்கமும் மருந்தாகாது. இந்தச் சின்ன இனங்களில் பல்லில் காரை படிந்து ஈறு அழுகிப்போவது மிகவும் சாதாரணம். வாய் நாற்றம் அடிக்கிறதா, ஒரு பக்கமாக மெல்லுகிறானா என்று பாருங்கள். பின்னங்காலில் முழங்கால் சில்லு நழுவுவதும் இவற்றுக்கு அடிக்கடி வரும். நடக்கும்போது நாலைந்து எட்டு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மறுபடி நடந்தால் அதுவாக இருக்கலாம். அப்படிப்பட்ட நாயை வயிற்றோடு அள்ளித் தூக்கினால் கவ்வத்தான் செய்யும். காதில் சீழ், அடர்ந்த முடிக்குள் உண்ணி, உண்ணிக் காய்ச்சல் எல்லாம் மலையடிவாரத்தில் நான் ஓயாமல் பார்ப்பவை. வலி என்று சந்தேகம் வந்தால் வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். நாம் போடும் இப்யூபுரூஃபன் நாய்க்குக் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்தால், மிச்சமிருப்பது பெரும்பாலும் பயம்தான். மல்லாக்கப் போட்டு அழுத்தும் வித்தை இந்த இடத்தில்தான் ஆபத்தாகிறது. "நான்தான் தலைவன் என்று நாய்க்குக் காட்ட வேண்டும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? ருடால்ஃப் ஷென்கெல் என்பவர் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதிய ஆய்வு அதற்கு முக்கியமான ஒரு வேர். ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்புக்குள் போட்டால் அவை சண்டை போடாமல் என்ன செய்யும்? பிற்பாடு டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளர் கனடாவின் வடகோடியில், காட்டிலேயே ஓநாய்க் கூட்டத்தைப் பல ஆண்டுகள் கவனித்தார். கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். தலைவன் என்ற கருத்தைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர் என்பதால் அவர் சொன்னதற்குக் கனம் அதிகம். உங்கள் வீட்டில் அப்பு யாருடைய பதவிக்கும் போட்டியிடவில்லை. மல்லாக்க அழுத்தியபோது, இந்த ஆளின் கை பக்கத்தில் வந்தால் உயிருக்கே ஆபத்து என்றுதான் அவன் கற்றுக்கொண்டிருப்பான். வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். இனி ஒரு தடவைகூட வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் சாதுவாக இருந்தவன் பிறகு மாறிவிட்டான் என்கிறீர்கள். அப்போது அவன் சாதுவாக இருந்ததாக நான் நினைக்கவில்லை, ஒடுங்கிப் போயிருந்தான். எடுத்து வளர்க்கும் நாய்களுக்கு 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் சில நாள் அரண்டு கிடக்கும், சில வாரத்தில் வீட்டின் நடைமுறை பிடிபடும், சில மாதத்தில்தான் இது என் வீடு என்று ஆகும். கொஞ்சம் தைரியம் வந்த பிறகே வாயைத் திறந்து "வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறான்.

அத்தையைத் "திடீரென்று" கவ்வ வந்தான் என்று எழுதியிருப்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். நாய் அநேகமாகத் திடீரென்று கடிப்பதில்லை. முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தின்ன எதுவும் இல்லாதபோது மூக்கை நக்கும், தூக்கமில்லாமல் கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரிய ஓரக்கண்ணால் பார்க்கும். பிறகு உடம்பு விறைக்கும். அதன் பிறகுதான் உறுமல். காற்றில் வெடுக்கென்று கவ்வுவது அதற்கும் அப்புறம். அப்பு மாதிரி உடம்பெல்லாம் முடி உள்ள நாயில் விறைப்பது வெளியே தெரியாது. முதுகின்மேல் சுருண்டிருக்கும் வால் இறங்குவதை மட்டும் கவனித்துப் பழகினால் தெரியும். அத்தைக்குப் பல் படவில்லை என்றால், குறி தப்பியதால் என்று எண்ண வேண்டாம். மனிதக் கையைவிட நாயின் வாய் வேகம். படாமல் கவ்வியிருக்கிறான் என்றால் படக் கூடாது என்றுதான் கவ்வியிருக்கிறான்.

ஆகவே உறுமினால் அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். சீறுகிற நல்லபாம்பு நம்மை மிதிக்காமல் நிற்க வைக்கிறது. உறுமலும் அந்த வேலையைத்தான் செய்கிறது. உறுமினால் அடி விழும் என்று தெரிந்த நாய் உறுமலை விட்டுவிட்டு நேரே கடிக்கு வந்துவிடும். இப்படி உறுமலை அடித்து நிறுத்திவிட்டு, "எங்க நாய் சொல்லாம கொள்ளாம கடிக்குது டாக்டர்" என்று கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர். உறுமினால் அப்படியே நின்று, பக்கவாட்டில் திரும்பி விலகிவிடுங்கள். அவன் ஜெயித்துவிட்டான் என்று கவலைப்பட வேண்டாம். எது அவனைப் பயமுறுத்தியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பழக்க வேண்டியது அதைத்தான்.

நான் சொல்ல வருவதில் முக்கியமானது இது: அவனைத் தூக்குவதை நிறுத்துங்கள். இன்றிலிருந்து, வீட்டில் ஒருவரும் தூக்க வேண்டாம். நம் பக்கத்து ராஜபாளையம் நாயோ கோம்பை நாயோ வளர்க்கிறவர்களைப் பாருங்கள். அதை யாரும் இடுப்பில் தூக்கி வைப்பதில்லை, தூங்கும்போது முகத்தோடு முகம் வைப்பதில்லை. அது ஒருமுறை உறுமினால் தெருவே ஒதுங்கிப் போகும். சின்ன நாயின் உறுமலை மட்டும் எல்லாரும் சிரித்துக்கொண்டே கடந்துபோகிறோம். ஒரு நாளில் அதை எத்தனை பேர், அதனிடம் கேட்காமலேயே தரையிலிருந்து எடுக்கிறோம்! குளிப்பாட்ட, காரில் ஏற்ற, விருந்தாளிக்குக் காட்ட, சோபாவிலிருந்து இறக்க. மேலிருந்து இரண்டு கை இறங்கினால் தன் உடம்பு தன்னிடம் இல்லை என்று அது படித்துவைத்திருக்கிறது. நான்கு காலும் தரையில் இருந்து, விலகிப்போக வழியும் இருந்தால் பல சின்ன நாய்கள் பாதிக் கடியை அன்றே மறந்துவிடும்.

அப்படியானால் அவனை எப்படி நகர்த்துவது? கூப்பிட்டு நகர்த்துங்கள். சுண்டுவிரல் நகமளவு தின்பண்டத்தை இரண்டடி தள்ளிப் போட்டு "அப்பு, வா" என்றால் எழுந்து வருவான். ஆள் இருக்கும் நேரங்களில் மார்போடு சேர்த்துப் போடும் ஹார்னஸில் ஐந்தாறு அடிக்கு மெல்லிய கயிறு மாட்டி இழுபட விட்டுவையுங்கள். அவசரத்துக்குக் கையைக் கொண்டுபோகாமல் கயிற்று நுனியைப் பிடிக்கலாம். கழுத்துப்பட்டையில் கட்டாதீர்கள், இந்த இனத்துக்கு மூச்சுக்குழல் நலிந்துபோகும் கோளாறு வரக்கூடியது. கட்டிலுக்கடியில் போய்விட்டானா? விட்டுவிடுங்கள். அது அவன் ஒளிந்துகொள்ளும் இடம், அங்கே யாரும் கை விடக் கூடாது. எல்லையின் எந்தப் பக்கம் வளர்ந்தானோ, எந்தப் பேச்சு கேட்டு வளர்ந்தானோ தெரியாது. அதனால் வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லை, ஒரே குரலில் சொல்லுங்கள். ஆளுக்கொரு சொல் என்றால் அவன் குழம்பிப் போவான்.

இனி வீட்டுக்காரர். மாலை போட்டதிலிருந்து கூடிவிட்டது என்பது எனக்கு வியப்பாக இல்லை. நாயின் கண்ணால் பாருங்கள். தாடி வளர்ந்துவிட்டது. கறுப்பு வேட்டி. விடியுமுன்னே எழுந்து குளித்துச் சரணம் சொல்கிறார். எல்லாவற்றையும்விட, இதுவரை அறையில் கட்டிலில் படுத்தவர் இப்போது பட்டாசாலையில் பாய் விரித்துப் படுக்கிறார் என்கிறீர்கள். அது இத்தனை நாள் அப்பு தூங்கிய இடம். பயமாக இருக்கிற ஆள், உருவம் மாறி, தன் படுக்கைக்குப் பக்கத்தில் தன் உயரத்துக்கே வந்து படுத்தால் எந்த நாயும் தூங்காது. இன்றைக்கே அப்புவின் படுக்கையைப் பின்கட்டுக்கு, அடுக்களைப் பக்கமாக மாற்றுங்கள். நடுவில் ஒரு தடுப்பு இருக்கட்டும்.

பிறகு அவர் செய்ய வேண்டியது சின்ன வேலை, ஆனால் தினமும் செய்ய வேண்டும். ரஷ்யாவில் இவான் பாவ்லோவ் செரிமானத்தை ஆராயும்போது, சாப்பாடு கொண்டுவருகிறவரின் காலடிச் சத்தத்துக்கே நாய்களுக்கு எச்சில் ஊறுவதைக் கவனித்தார். அதுதான் நமக்கு வேண்டும்: அவர் காலடி கேட்டால் அப்புவுக்கு வாய் ஊற வேண்டும். அவர் அறைக்குள் வரும்போதெல்லாம், அப்பு உறுமாத தூரத்திலேயே நின்று, அவனைப் பார்க்காமல், பேசாமல் ஒரு துண்டைத் தரையில் உருட்டிவிட்டுப் போய்விட வேண்டும். அவ்வளவுதான். கையை நீட்டி "வாடா" என்று கூப்பிடக் கூடாது. பசிக்காகப் பக்கத்தில் வந்துவிட்டு, வந்த பிறகு பயந்து கவ்விவிடுவான். துண்டு தரையில் விழட்டும். அவர் இருக்கும்போது தின்பண்டம் வரும், போனால் நின்றுவிடும். சில நாளில் அப்பு அவர் வரும் திசையைப் பார்த்து வாலாட்டத் தொடங்குவான். அப்போது ஒரு எட்டு நெருங்கலாம். உறுமினால் அந்த எட்டு அதிகம் என்று அர்த்தம், பழைய தூரத்துக்கே திரும்புங்கள். தொடுவது மிகவும் பின்னால். தொடும்போதும் தலைக்கு மேலாகக் கை வேண்டாம். அவனே வந்து உரசினால் மார்புப் பக்கமாக மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடச் சொல்லுங்கள். இன்னும் வேண்டுமென்றால் அவனே நெருங்கி வருவான்.

விரத வீட்டில் கோழியும் முட்டையும் கிடையாது. ஒரு மண்டலம், 41 நாள் இந்த வேலையை நிறுத்தவும் முடியாது. உப்பில்லாத பனீர் நன்றாக வேலை செய்யும். வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கேரட், பச்சைத் தேங்காயில் சின்னத் துணுக்கு, இவையும் சரி. வெங்காயம் சேர்ந்த எதுவும் கூடாது. உலர்திராட்சை போட்ட பாயசத்தைப் பிரசாதம்தானே என்று வைத்துவிடாதீர்கள், திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உங்கள் மடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். அந்த வீட்டில் அவனுக்குப் பயமில்லாத ஒரே இடம் உங்கள் மடி. அதனால் அதைக் காவல் காக்கிறான். சில வாரத்துக்குக் கட்டிலிலும் நாற்காலியிலும் மடி வேண்டாம். நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் தரையில் அவனுக்கென்று ஒரு பாயோ சாக்கோ போட்டு, அங்கே படுத்தால் தின்பண்டம் கொடுங்கள். பயந்தால் தடவி ஆறுதல் சொல்லலாம், அதனால் பயம் அதிகமாகிவிடாது. ஆனால் மடியில் இருந்துகொண்டு யாரையாவது பார்த்து விறைத்தால், பேசாமல் எழுந்துவிடுங்கள். அவன் தானாக இறங்கிவிடுவான். சாப்பாட்டுத் தட்டை நீங்களே எப்போதும் வைப்பதையும் நிறுத்திவிட்டு, ஒரு வேளை வீட்டுக்காரர் வைக்கட்டும். வைத்துவிட்டு விலகிப்போனால் போதும்.

அத்தையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். பூசை நடக்கும் வீட்டில் நாய் உள்ளே திரிவது அவருக்குச் சங்கடம் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. அடுக்களைக்கும் சாமி அறைக்கும் போகாமல் ஒரு கம்பித் தடுப்பு போட்டால் இருவருக்குமே நிம்மதி. அவர் கையில் துடைப்பம் இருக்கும்போது அப்பு அதிகம் குரைக்கிறானா என்று மட்டும் பாருங்கள். முன்பு எங்கோ அடிபட்டவனாக இருக்கலாம். பெருக்குகிற நேரத்தில் அவனைப் பின்கட்டில் வையுங்கள். அவரிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: திட்டக்கூட வேண்டாம், கண்டுகொள்ளாமல் இருந்தால் போதும். கண்டுகொள்ளாத மனிதரிடம்தான் பயந்த நாய் முதலில் போய் நிற்கும்.

பையனுக்கு மூன்று விதி. தூங்கும் நாய், தின்னும் நாய், ஒளிந்திருக்கும் நாய், இவற்றின் பக்கத்தில் போகக் கூடாது. மற்ற நேரத்தில் பெரியவர் ஒருவர் அதே அறையில் இல்லாமல் இருவரும் சேர்ந்திருக்கக் கூடாது. சமையலுக்கு நடுவே எட்டிப் பார்ப்பதைக் கண்காணிப்பு என்று கணக்கில் எடுக்காதீர்கள். முடியாத நேரத்தில் தடுப்புக்கு இந்தப் பக்கம் பிள்ளை, அந்தப் பக்கம் நாய்.

குரைப்புக்கு வருகிறேன். உங்கள் வீடு கொல்லம் - திருமங்கலம் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. பகலெல்லாம் கேரளாவுக்குப் போகும் லாரி, இந்த மாதம் இரவெல்லாம் ஆரியங்காவு வழியாகச் சபரிமலைக்குப் போகும் வண்டிகள், சரண கோஷம். ஒவ்வொரு வண்டிக்கும் குரைக்கிறான், ஒவ்வொரு வண்டியும் போய்விடுகிறது. தான் விரட்டியதால்தான் போனது என்று நினைக்கிறான். பால்காரரும் அப்படியே. இந்தக் கூலி கிடைக்காமல் செய்வதுதான் முதல் வேலை: வாசல் கம்பிக் கதவின் கீழ்ப்பாதியை ஓலைத்தட்டியோ சாக்கோ வைத்து மறையுங்கள், சாலை தெரியும் ஜன்னல் பக்கம் ஏறி நிற்க எதுவும் இல்லாமல் பாருங்கள். இரவில் பின்கட்டில் மின்விசிறிச் சத்தத்தோடு படுக்கட்டும். வளர்ந்த நாய்க்கு ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். சாலையோர வீட்டு நாய்கள் பலவும் தூக்கம் கெட்டே எரிச்சலாக இருக்கின்றன. பகலில், வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்டதுமே, அவன் வாய் திறப்பதற்கு முன் "அப்பு" என்று கூப்பிட்டு ஒரு துண்டு கொடுங்கள். குரைத்து முடித்த பிறகு கொடுத்தால் பயன் குறைவு.

நீங்கள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக் குரைப்பது வேறு. அதற்குப் பதிலே சொல்லக் கூடாது, ஒருவரும் ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது. முதல் சில நாள் இன்னும் அதிகமாகக் குரைத்துப் பார்ப்பான். அந்த நேரத்தில் இரக்கப்பட்டு ஒரு இட்லித் துண்டு போட்டால், இவ்வளவு குரைத்தால்தான் கிடைக்கும் என்று ஆகிவிடும். காலையில் நெடுஞ்சாலையை விட்டு வயல்வரப்புப் பக்கம் அரை மணி நேரம் கூட்டிப்போய், அவன் இஷ்டத்துக்கு மோந்து பார்க்க விடுங்கள். இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம். வந்ததும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஷாக் அடிக்கும் பட்டை, வாயைக் கட்டுவது, தண்ணீர் பீய்ச்சுவது எதுவும் வேண்டாம். பயந்தவனை இன்னும் பயமுறுத்துகிற வேலை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும், மூச்சிரைக்க இடம் உள்ள கூடை மாதிரி வாய்க்கவசம் போடலாம். அதையும் தின்பண்டம் வைத்து முன்கூட்டியே பழக்குங்கள். கருத்தடை அறுவை செய்துவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேறு காரணங்களுக்கு அது நல்லதுதான், ஆனால் பயத்தால் வரும் கடியை அது தீர்க்காது.

இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றால், அல்லது நடுவில் தோல் கிழியக் கடித்துவிட்டால், திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரைகள் நாய்களுக்கும் உண்டு. வேலை செய்யச் சில வாரம் ஆகும், மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. அப்போதும் பையனுக்கு ஆபத்து என்று தோன்றினால், குழந்தையில்லாத, அமைதியான வீடு ஒன்றைத் தேடிக் கொடுப்பது தவறே இல்லை. கடிக்கும் பழக்கத்தை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். மலைப்பாதையில் திரும்ப விடுவது மட்டும் வேண்டாம். பசியிலும் தாகத்திலும் வாட விட்டுப்போவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். ஒருமுறை அங்கே நின்று உங்கள் வண்டியில் ஏறியவன் அவன்.

மலைக்குப் போய்வந்து மாலை கழற்றிய பிறகு வீட்டுக்காரர் தாடியை எடுப்பார், பழைய சட்டைக்கு மாறுவார், மறுபடி கட்டிலில் படுப்பார். அந்த வாரம் அப்புவுக்கு அவர் மூன்றாவது ஆளாகத் தெரியலாம். ஆகவே மறுபடி தூரத்திலிருந்தே, துண்டை உருட்டிவிடுவதிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். இந்தத் தடவை சீக்கிரம் நடக்கும். சரணம் சொல்லும் குரலும் பனீர் வந்த கையும் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.